மிஸ்டு காலில் வந்த கோல்கள்

எங்கள் வேனின் பக்கவாட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது. கைப்பிடி இருந்தது. இழுத்தால் கையோடு வரும், விட்டால் திரும்பிப் போகும், கதவு அசையாது. அஜ்மானில் எங்கள் அறை வந்ததும் டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். அதுவரை பதின்மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். சரிசெய்யச் சொல்லி கம்பெனிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று தேதிகளும் என் டைரியில் இருக்கின்றன. நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்த நாளன்றும் கதவு அப்படியேதான் இருந்தது.

துபாயில் அல் கூஸ் பகுதியில் எங்கள் ஒர்க்‌ஷாப். பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடும் கம்பெனி. நான் ஸ்டோர் கீப்பர். அஜ்மானில் வாடகை குறைவென்று எங்களை அங்கே தங்க வைத்திருந்தார்கள். காலை ஐந்தே காலுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் ஒர்க்‌ஷாப் வந்துவிடும். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அறைக்குப் போக எட்டும் ஆகும், எட்டரையும் ஆகும். 2000-களின் நடுப்பகுதி அது. துபாயில் வேலை, சார்ஜாவிலோ அஜ்மானிலோ படுக்கை என்று இருந்த எல்லோரும் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சார்ஜா எல்லையில் மம்சார் பக்கம் வந்தால் வேன் நின்றுவிடும். ஜன்னல்கள் திறக்காத கண்ணாடி. முன்னால் சிவப்பு விளக்குகள். இறங்கி நடந்தால்கூட முன்னால் போய்விடலாம் என்று தோன்றும், ஆனால் இறங்க முடியாது.

அந்தப் பதின்மூன்று பேரில் ஏழு பேர் ஒரே ஊர்க்காரர்கள். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர்தான் வருஷத்துக்கு ஒருவராக எங்களை இந்தக் கம்பெனிக்கு அனுப்பியவர். மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன டவுன். அங்கே ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு ஒரு ஃபுட்பால் டீம். ஏழு பேரில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் நானும் எலக்ட்ரீஷியனும் மட்டுமே. ஆனால் டீம் ஏழு பேருக்கும் சொந்தம். மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து மேட்ச் பார்க்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

வளைகுடாவுக்கு வந்த பிறகு மேட்ச் எங்களுக்கு மிஸ்டு காலாக வந்தது. மைதானத்து வாசலில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என் பழைய சிநேகிதர். நம் டீம் கோல் போட்டால் என் மொபைலுக்கு அடித்து ஒரே ரிங்கில் வைத்துவிடுவார். எதிர் டீம் போட்டால் ரிங் முழுவதும் அடிக்கும். எதையும் நான் எடுக்கக் கூடாது, எடுத்தால் அவருக்குக் காசு போய்விடும். ஊரில் நாலு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரண்டரை மணி. அந்த நேரம் நான் ஸ்டோரில் நட்டு, போல்ட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். சட்டைப்பையில் போன் நடுங்கும். எத்தனை மணிக்கு, எந்த மாதிரி ரிங் என்று டைரியின் பின்பக்கங்களில் குறித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை லீவன்று போன் கார்டு போட்டு அவரைக் கூப்பிட்டு, எந்த கோல் யார் போட்டது என்று கேட்டு எழுதுவேன். பெயர்கள் வேண்டாம், ஜெர்சி நம்பர் போதும் என்று சொல்லி வைத்திருந்தேன். கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டே இருக்கும். அவரோ கதை சொல்கிறவர். “அந்த ஏழு இருக்கானே, அவன் என்ன பண்ணான்னா...” என்று ஆரம்பிப்பார். “நம்பர மட்டும் சொல்லுங்கண்ணே, நம்பர மட்டும்” என்பேன்.

அப்படி நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியல் உருவானது: தேதி, எதிர் டீம், நேரம், கோல் போட்டவர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

மேட்ச் நடந்த நாள் மாலையில் வேன் கிளம்பியதும் எலக்ட்ரீஷியன் திரும்பி, “ஸ்டோரண்ணே, எத்தன?” என்பான். சொல்வேன். அதிலிருந்து சார்ஜா தாண்டும் வரை பேச்சு ஓயாது. டிஃபென்ஸைப் பற்றி யாருக்கும் கருத்து இல்லை. சண்டையெல்லாம் அட்டாக்கைப் பற்றித்தான்.

“மூணு கோல் போட்டு என்ன பிரயோசனம்? மூணும் கீப்பர் விட்டதா இருக்கும். ஃபார்வர்ட் லைனுன்னா ஒரு மெரட்டு மெரட்ட வேணாமா?” இது எலக்ட்ரீஷியன். கல்லூரியின் இரண்டாவது டீமில் இரண்டு வருஷம் ஆடியவன்.

“இவன் யார்றா, நேர்ல பாத்துட்டு வந்தவன் மாதிரி பேசுறான்” என்பார் பெயின்டர். அவர் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போனதே வெள்ளையடிக்கத்தான். “மிஸ்டு கால்ல கீப்பர் விட்டது தெரியுமாக்கும்?”

“ரிங்கு சவுண்டுலயே தெரியும் மாப்ள.”

“அப்ப ஒன் பொண்டாட்டி அடிக்கிற ரிங்குல என்னடா தெரியும்?”

வேன் சிரிக்கும். டிரைவர் ஒரு பட்டாணியர். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “க்யா கோல், கோல்? இதர் காடி மாஃபி” என்பார். இங்கே வண்டியே நகரவில்லை, உங்களுக்கு என்ன கோல் என்று அர்த்தம்.

எலக்ட்ரீஷியனின் முக்கியமான வாதம் வலது பக்கத்தைப் பற்றியது. எங்கள் மைதானத்தில் ஒரு ஓரம் முழுக்கப் பள்ளம், சரளைக்கல். பந்து அங்கே போனால் செத்துவிடும்.

“நா ஆடுன காலத்துல ரைட்டுப் பக்கம் ஒருத்தனும் போமாட்டான். அந்தப் பக்கத்துலருந்து அட்டாக் எப்படி வரும்?”

“இடைவேளைக்கு அப்பறம் சைடு மாறும்ல? அப்பப் பள்ளம் லெஃப்டுக்குத்தான?” என்பார் பெயின்டர்.

“அதுக்குத்தான்டா டாஸு.”

“டாஸு போட்டா பள்ளம் மூடிக்கிருமா?”

ஒரு நாள் இந்தப் பேச்சின் வேகத்தில் எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டான்: “ரைட்டுல அந்த ஏழாம் நம்பர் சும்மாதான் நிக்கிறான். லைன்ஸ்மேனுக்குப் பேச்சுத் துணைக்கு.” பெயின்டர் அவன் விலாவில் இடித்தார். எல்லோரும் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தோம்.

பின்சீட்டில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருபவர் எங்கள் டக்ட்காரர். ஏசிக் காற்று போகும் தகரக் குழாய்களைக் கூரைக்கடியில் மாட்டுவது அவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் ஏழு பேரில் முதலில் வந்தவர், அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் அவருடைய மகன்.

“நிக்கட்டும்ப்பா” என்றார். “காலு வலிக்காம இருந்தாச் சரி.”

எல்லோரும் சிரித்ததால் அதோடு போயிற்று.

அந்த வருஷம் மகனுக்குக் கடைசி வருஷம். யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வானால் ஒரு சர்டிஃபிகேட் கிடைக்கும். அதை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போகலாம். முந்தின வருஷத்து கோல் கீப்பர் அப்படித்தான் போனான். டக்ட்காரரின் திட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மகன் தேர்வானால் இந்த விசாவோடு முடித்துக்கொண்டு ஊருக்கு. தேர்வாகாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு முறை கேன்சல் செய்துகொண்டு போனவரை எந்தக் கம்பெனியும் திரும்ப எடுக்காது. அதே மாதிரி, ஒரு முறை ரின்யூ செய்துவிட்டால் நடுவில் விட்டுப் போகவும் வழி இல்லை. எல்லோர் பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில்தான் இருந்தது.

ரின்யூவல் ஃபாரம் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. புதன்கிழமைக்குள் ‘தொடர்கிறேன்’ அல்லது ‘தொடரவில்லை’ என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஊரில் யுனிவர்சிட்டி செலக்‌ஷன் அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து.

திங்கள் மாலை வேன் மம்சாரில் நின்றபோது அவர் பின்சீட்டிலிருந்து எழுந்து, குனிந்தபடியே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

“தம்பி, நீங்க எல்லாம் எழுதி வச்சிருக்கீங்கள்ல. பாத்துச் சொல்லுங்க. எம் மவன் எடுபடுவானா?”

“அவன்கிட்டயே கேட்டீங்களாண்ணே?”

“கேட்டேன். பாப்போம்ப்பாங்கிறான். அவங்கம்மாட்டக் கேட்டா சாமி இருக்குங்கிறா. எனக்குப் பந்து தெரியாது தம்பி. நீங்க எழுதுனதப் பாத்துச் சொல்லுங்க.”

பெயின்டர் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். வேன் விளக்கைப் போடச் சொன்னேன், டிரைவர் போட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கூட்டினேன். சரிபார்க்க இன்னொரு முறை கூட்டினேன்.

“எட்டு மேட்ச்சுண்ணே. மொத்தம் பத்தொம்போது கோலு. ஒம்போதாம் நம்பர் பதினொண்ணு. பதினொண்ணாம் நம்பர் அஞ்சு. பத்தாம் நம்பர் ரெண்டு.”

“ஏழு?”

“ஒண்ணுண்ணே.”

அவர் தலையாட்டினார். “அப்ப?”

“கோல் போட்டவனத்தாண்ணே பாப்பாங்க” என்றேன்.

எலக்ட்ரீஷியன்தான் முதலில் பேசினான். குரலே மாறியிருந்தது. “அதெல்லாம் இல்லண்ணே. செலக்‌ஷன் அன்னைக்கு ஆடுறதத்தான் பாப்பாங்க. எட்டு மேட்ச்ச எவன் பாத்தான்?” யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. என் நோட்டு இருந்தபோது அவன் சொல்வதற்கு மதிப்பில்லை. டக்ட்காரர் எழுந்து மறுபடி குனிந்தபடி பின்சீட்டுக்குப் போனார்.

அன்றைய டைரியில் ஒரு வரி இருக்கிறது: ‘செலக்‌ஷன் பற்றிக் கேட்டார். கணக்குப் பார்த்துச் சொன்னேன்.’

புதன்கிழமை காலை அவர் ஸ்டோருக்கு வந்தார். அலுமினிய டேப் நான்கு ரோல் வாங்கினார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து அதே பேனாவால் ‘தொடர்கிறேன்’ கட்டத்தில் டிக் செய்து, தமிழில் கையெழுத்துப் போட்டார். “காயட்டும்” என்று இரண்டு நிமிஷம் நின்றார். பால் பாயின்ட் பேனா, காய்வதற்கு ஒன்றுமில்லை.

மூன்று வாரத்துக்குப் பின் எங்கள் ஊர்க்கார ஹெல்ப்பர் ஒருவர் லீவு முடிந்து வந்தார். முறுக்கோடும் ஊறுகாயோடும் ஒரு சிடி கொண்டு வந்திருந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு கடைக்காரர் கடைசி மேட்ச்சை முழுவதும் எடுத்து சிடி போட்டு விற்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து ஏழு பேரும் எங்கள் அறையில் கட்டில்களில் உட்கார்ந்தோம். டக்ட்காரர் தரையில் டிவிக்கு நேராக உட்கார்ந்தார். நான் டைரியை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த மேட்ச்சுக்கு என் குறிப்பு மூன்று கோல்: ஒன்பது, ஒன்பது, பதினொன்று.

படம் ஓடத் தொடங்கியதும் எலக்ட்ரீஷியன்தான் வாயைத் திறந்தான்.

“பள்ளத்த எப்படா ரொப்புனாய்ங்க?”

வலது ஓரம் சமமாக இருந்தது. புல் முளைத்திருந்தது. நாங்கள் எட்டு மேட்ச்சாக வேனில் பேசிய மைதானம் அங்கே இல்லை.

“கடைசியா நீ எப்பப் பாத்த?” என்றார் பெயின்டர்.

“மூணு வருசம் இருக்கும்.” பிறகு, “நாலு” என்றான்.

பதினேழாவது நிமிஷத்தில் ஏழாம் நம்பர் அந்த ஓரத்திலேயே பந்தைக் கொண்டு ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் காலை நீட்ட அவனையும் தாண்டினான், கோட்டுக்கு அருகே போய்த் திரும்பி உள்ளே அடித்தான். ஒன்பதாம் நம்பர் தலையைக் காட்டினான், அவ்வளவுதான். கோல். எல்லோரும் ஓடிப்போய் ஒன்பதாம் நம்பர்மேல் விழுந்தார்கள். கேமராக்காரரும் அந்தக் கும்பலையே காட்டினார். ஓரத்தில் ஏழாம் நம்பர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது கோலுக்கும் பந்து அவனிடமிருந்துதான் வந்தது. மூன்றாவதுக்கும் அவன் அடித்த கார்னர். நான் டைரியைப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பது, பதினொன்று. அதில் தவறு எதுவும் இல்லை. நேரம்கூட மிஸ்டு கால் வந்த நேரத்தோடு பொருந்தியது.

“இது எங்க பய தானா?” என்று டக்ட்காரர் கேட்டார். “சட்ட நம்பர வச்சுத்தான் தெரியுது. இவ்வளவு ஒசரமா போயிட்டானா?” அவர் கடைசியாக ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“ஒங்க பயதாண்ணே.”

“ரெண்டாவத இன்னொருக்கா போடுங்க.”

நான்கு முறை போட்டோம். நான்காவது முறை முடிந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். இந்த முறை குறுக்கே பேசவில்லை.

“அந்த ஏழு இருக்கானே” என்றார் அவர். “ஒவ்வொரு வாட்டியும் சொல்ல வருவேன், நீங்கதான் நம்பர மட்டும் சொல்லுன்னு வெரட்டுவீங்க. டீம்ல பாதி கோலு அவன் ஊட்டிவிட்டதுதான். நேத்து யுனிவர்சிட்டி லிஸ்டு ஒட்டிட்டாங்க தெரியுமா? மொதப் பேரே அவன் பேருதான். ஒம்போதாம் நம்பர எடுக்கல.”

அறைக்குள் போய் இதைச் சொன்னேன். பெயின்டர் எழுந்து டக்ட்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். எலக்ட்ரீஷியன் அவர் காலடியில் உட்கார்ந்து, “அண்ணே, என்னைய ரெண்டு அடி அடிங்க” என்றான். அவர் அவன் தலையைத் தட்டினார். “போடா, நீயா சொன்ன” என்றார். சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் அவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். விசா வேலை பார்க்கும் கிளார்க் மலையாளி, நல்ல மனிதர். ஃபாரத்தை நிறுத்தி வைக்க முடியுமா, மேலே இன்னும் போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

“ஸ்டாம்பிங் கழிஞ்ஞு சேட்டா. செவ்வாய்க்கிழமையே வந்நு. இனி ரெண்டு கொல்லம்.”

புதிய பக்கத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கான புதிய ஸ்டிக்கர் பளபளத்தது. டக்ட்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். நடுவில் விட்டுப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். தடை விழும், சர்வீஸ் பணத்தில் பிடிப்பார்கள், டிக்கெட் கிடையாது என்று கிளார்க் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே டக்ட்காரர் பாஸ்போர்ட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார். கிளார்க் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

படிக்கட்டில் இறங்கும்போது, “தப்பு என்மேலதாண்ணே” என்றேன்.

“டேப்பு ரெண்டு ரோல் வேணும் தம்பி, ஸ்டோரத் தொறங்க” என்றார்.

அந்த வாரம் வேனில் யாரும் ஃபுட்பால் பேசவில்லை. டிரைவருக்கே அது பொறுக்கவில்லை. “ஆஜ் கோல் மாஃபி?”, இன்று கோல் இல்லையா என்று ஒரு நாள் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். நான் டைரியில் அந்தப் பட்டியலின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டத்துக்குக் கோடு போட்டு, ‘கொடுத்தவர்’ என்று தலைப்பு எழுதியிருந்தேன். கடைசி மேட்ச்சின் மூன்று வரிகளில் மட்டும் ஏழு, ஏழு, ஏழு என்று இருந்தது. மற்ற பதினாறு வரிகளும் காலி. அந்த ஏழு மேட்ச்சையும் யாரும் படம் பிடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேன் மம்சாரில் நின்றதும் டக்ட்காரர் மறுபடி எழுந்து குனிந்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்தார். அலுமினிய டேப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள். டேப்பை உரித்த பின் கீழே போடுவோம். அதன் சொரசொரப்பான பக்கத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தார்.

“நேத்து வெள்ளன போன் போட்டு அவனையே கேட்டேன். ஒவ்வொரு கோலும் யாரு குடுத்தான்னு சொல்றா, உண்மையச் சொல்லணும்னேன். எல்லாம் ஞாபகம் வச்சிருக்கான் தம்பி. ரெண்டு கார்டு தீந்துபோச்சு. எழுதிக்கங்க.”

விளக்கைப் போடச் சொன்னேன். அவர் படித்தார், நான் எழுதினேன். முதல் மேட்ச், முதல் கோல், பத்தாம் நம்பர் கொடுத்தது. இரண்டாவது கோல், ஏழு. இரண்டாவது மேட்ச், ஏழு. மூன்றாவது, கீப்பர் உதைத்த பந்து நேராகப் போய் விழுந்தது, யாருக்கும் எழுத வேண்டாம். மகன் தனக்கு இல்லாததைத் தனக்கென்று சொல்லவில்லை. தன்னுடைய ஒரே கோலையும் அவன் கொடுத்தவர் நம்பரோடுதான் சொல்லியிருந்தான்: பதினொன்று. சில இடத்தில் பென்சில் மங்கியிருந்தது. அங்கெல்லாம் அவர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். பெயின்டர் முன்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் இடையிடையே, “அது எந்த மேட்ச்சுண்ணே?” என்று மட்டும் கேட்டான். வேன் இரண்டு வண்டி நீளம் நகர்ந்தது, நின்றது.

கடைசி வரியை எழுதிவிட்டு நான் கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.

“எத்தன?”

“பத்தொம்போதுல பன்னெண்டுண்ணே.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கேட்ட அதே குரலில் கேட்டார்.

“இப்பப் பாத்துச் சொல்லுங்க தம்பி. எம் மவன் எடுபடுவானா?”

“எடுபடுவாண்ணே.”

“ரைட்டுப் பக்கந்தாண்ணே நம்ம அட்டாக்கே” என்றான் எலக்ட்ரீஷியன். பெயின்டர் அவனை இடிக்கவில்லை.

டக்ட்காரர் பின்சீட்டுக்குத் திரும்பவில்லை. அஜ்மான் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். அறை வந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்து, இறங்கி, யாரோடோ போனில் பேசியபடி வண்டியைச் சுற்றி வரும் வரை பதின்மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.